நரையும் நட்பும்: முதுமையில் மகிழ்ச்சி மாறும் வகை

முன்னுரை

பாம்பன் கடற்கரையில் மாலைப் பொழுதில் நின்று நோக்குவார்க்கு மூன்று பருவத்து மாந்தரும் ஒருங்கே காட்சியளிப்பர். அலை விளிம்பில் சிறுவர் ஓடியாடுவர். மறுநாட் பயணத்திற்கென எண்ணெயும் பனிக்கட்டியும் படகில் ஏற்றிக்கொண்டு நடுவயதினர் விரைந்துகொண்டிருப்பர். சற்றுத் தள்ளி நிழலில் முதியோர் இருவர் மூவர் அமர்ந்து, கிழிந்த வலையைச் சரிசெய்தபடி ஏதோ பேசிக்கொண்டிருப்பர். இம்மூவகையினருள் மகிழ்ச்சி மிக்கவர் யார் என்று நம்மை வினவினால், தயங்காது சிறுவரைச் சுட்டுவோம். சற்றே எண்ணிப் பார்த்து, கையில் வலுவும் மடியில் பொருளும் உடைய நடுவயதினரைச் சுட்டுவாரும் உளர். வலையருகே அமர்ந்திருக்கும் முதியோரைச் சுட்டுவார் மிக அரியர்.

வயது ஏறுந்தோறும் மகிழ்ச்சி இறங்கும் என்பது நம்முள் ஆழப் பதிந்துவிட்ட எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு உண்மை? அகவை கூடும்போது மகிழ்ச்சி குறைகின்றதா, அன்றி அதன் தன்மை மாறுகின்றதா? மாறுமாயின், அம்மாற்றத்தில் உறவுக்கும் நட்புக்கும் உள்ள பங்கு யாது? இவ்வினாக்களுக்குத் தமிழ் இலக்கியத்தினின்றும், அண்மைக்கால ஆய்வுகளினின்றும், நம் கடற்கரை வாழ்வினின்றும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு புலவர், இரு முதுமை

புறநானூற்றில் முதுமையைப் பற்றிய பாடல்கள் இரண்டு நம் கருத்துக்கு உரியன. ஒன்று 243ஆம் பாடல். இதனைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் கைத்தடியின் வருணனையே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகின்றார். இளமையில் மணற்பாவைக்குப் பூச்சூட்டி விளையாடியதையும், கள்ளமறியாத் தோழரோடு கூடித் திரிந்ததையும், நீர்ப்பக்கம் சாய்ந்த மருதமரக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்க மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் இவர் நினைவுகூர்கின்றார். அவ்விளமை இன்று எங்கே சென்றது என்று இரங்குகின்றார். இன்று அவர்க்குத் துணை கைத்தடி ஒன்றே. பேச்சிடையே இருமல் குறுக்கிடுகின்றது. சொற்களும் சிலவாகிவிட்டன.

இப்பாடலை உடல்வலிமை இழந்த முதியவரின் புலம்பல் என்று கொள்வது வழக்கம். நாம் இன்னும் ஒரு படி ஆழ்ந்து நோக்கலாம். அவர் நினைவில் நிற்பவை எவை? கைகோத்து ஆடிய மகளிர், மறைப்பில்லாத தோழர், கரையில் நின்று வியந்தோர். குதித்த மடுவினும் பெரிதாக அவர் நெஞ்சில் நிற்பது குதித்தபோது உடனிருந்த கூட்டம். அவர் இழந்தது இளமையை மட்டுமன்று, அவ்விளமைக்குச் சான்று கூற வல்லாரையும் இழந்துவிட்டார் என்பது நம் கருத்து. கீழக்கரை முதலாய நம் கடற்கரை ஊர்களில் முன்னாளில் சங்கு குளித்து வாழ்ந்தவர் பலர். மூச்சடக்கி ஆழத்திற் சென்று சங்கெடுத்த கை நடுங்கும் காலத்தில், அதனைக் கண்டு வியந்தவருள் ஒருவரேனும் அருகிருப்பின் அம்முதுமை ஒரு வகையது. ஒருவரும் இல்லையாயின் அது முற்றிலும் வேறு வகையது.

மற்றொன்று 191ஆம் பாடல். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையார் பாடியது. சோழ நாட்டுக் கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே அவனோடு உயிர்நட்புப் பூண்டவர் அவர். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் தவறாது வருவார் என நம்பி அவர்க்கும் ஓரிடம் ஒதுக்கச் செய்தான். அவ்வண்ணமே அவரும் வந்து சேர்ந்தார். ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை தோன்றாதது எவ்வாறு என்று அங்கிருந்தோர் வினவினர். அவர் மருந்தைக் கூறவில்லை, உணவைக் கூறவில்லை, உடற்பயிற்சியையும் கூறவில்லை. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும் உளர் என்றார். தாம் கருதியதையே கருதும் ஏவலர் உளர் என்றார். முறைதவறாது காக்கும் வேந்தன் உளன் என்றார். இவற்றின் மேலாகத் தம் ஊரில் அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்றார்.

வீடு, பணியிடம், நாடு, ஊர் என நான்கு வட்டங்களில் அமைந்த நல்லுறவே அவர்தம் நரையின்மைக்குக் காரணமாயிற்று. தலைமயிர் வெளுப்பதும் வெளுக்காததும் உடற்கூற்றின் பாற்பட்டவை என்பதை நாம் அறிவோம். எனினும் முதுமையின் துயரை மாற்ற வல்லது எது என்னும் வினாவுக்குப் புலவர் தந்த விடையில் ஐயமில்லை. ஒருவர் உறவிழந்து தளர்ந்தார், ஒருவர் உறவுடைமையால் தளராதிருந்தார். இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பயில்வார்க்கு இவ்வுண்மை விளங்கும்.

ஆய்வாளர் கண்டவை

புலவர் கூறியதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் வேறு வழியிற் சென்று கண்டனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆய்வு ஒன்று, அப்பல்கலைக்கழக மாணவர் 268 பேரின் வாழ்வை இளமை முதல் முதுமை வரை தொடர்ந்து நோக்கி வந்தது. பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளில் வளர்ந்த இளைஞர் 456 பேரும் பின்னர் இதனுடன் இணைக்கப்பெற்றனர். நெடுங்காலம் இதனை நடத்தியவர் ஜார்ஜ் வேலன்ட், அவருக்குப் பின் வந்தவர் ராபர்ட் வால்டிங்கர். ஐம்பதாம் அகவையில் ஒருவரது குருதியிலுள்ள கொழுப்பின் அளவைக் காட்டிலும், அவர் தம் உறவுகளில் கொண்டிருந்த மனநிறைவே எண்பதாம் அகவையில் அவரது நலத்தை முன்னுணர்த்தியது என்பது இவ்வாய்வின் முடிபு. தொடக்கத்தில் ஆடவர் மட்டுமே, அதுவும் ஒரு நாட்டினர் மட்டுமே ஆராயப்பெற்றனர் என்னும் குறை இதற்கு உண்டு. ஆயினும் செல்வர், வறியர் ஆகிய இருசாரார்க்கும் முடிபு ஒத்திருந்தமை நோக்கத்தக்கது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா கார்ஸ்டென்சன் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினார். முதியோரின் நட்பு வட்டம் சுருங்குவது உண்மையே. ஆனால் அச்சுருக்கம் முழுவதும் இழப்பன்று, அதிற் பெரும்பகுதி தேர்வு என்பது அவர் கருத்து. முன்னே நெடுங்காலம் உண்டு என எண்ணும் இளையோர் புதியவரை நாடுவர், அறிமுகங்களைப் பெருக்குவர், நாளை பயன்படும் என்று பலரோடும் பழகுவர். எஞ்சிய காலம் சிறிது என உணர்ந்தோர், நெஞ்சுக்கு நெருக்கமான சிலரோடு இருப்பதையே விரும்புவர். சிறு பிணக்குகளைப் பொருட்படுத்தார். தீயதை மறந்து நல்லதை நினைவிற் கொள்வர். இதனால் உடல்நலம் ஓரளவு வாய்த்த முதியோர் பலர், இளையோரினும் அமைதியான உள்ளம் உடையவராய்க் காணப்படுகின்றனர்.

இம்மாற்றத்திற்குக் காரணம் வயதா, எஞ்சிய காலம் பற்றிய உணர்வா? இதனை அறிய ஆங்காங் நகரம் ஒரு வாய்ப்பைத் தந்தது. 1997இல் அந்நகர் பிரித்தானியரிடமிருந்து சீனத்தின் ஆட்சிக்கு மாறவிருந்தது. தாம் அறிந்த காலம் முடியப்போகின்றது என்னும் உணர்வு அங்கே பரவியிருந்த அவ்வேளையில், இளையோரும் முதியோரைப் போலவே நெருங்கியவரோடு இருப்பதைத் தேர்ந்தனர் என்று கார்ஸ்டென்சனும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். காலம் குறுகும் என்னும் உணர்வே மனிதனை உறவின் அருமையை அறியச் செய்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. இளமையில் பலரிடம் பரந்து கிடந்த மகிழ்ச்சி, முதுமையில் சிலரிடம் குவிகின்றது. பத்துத் தூண்களின் மேல் நின்ற கூரை இரண்டு தூண்களின் மேல் நிற்பதைப் போன்றது இது. அவ்விரண்டும் உறுதியாயின் கூரைக்குக் கேடில்லை. அவற்றுள் ஒன்று சாயுமாயின் அதனைத் தாங்க வேறொன்று இல்லை. முதுமையின் நிறைவும் அச்சமும் ஒரே இடத்தில் இருப்பது இதனால்தான்.

நடுவயதின் சுமை

இங்கு நடுவயதினரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பல நாடுகளின் வாழ்க்கை நிறைவுக் கணிப்புகளை ஆராய்ந்த பிளாஞ்ச்ஃபிளவர், ஆசுவால்டு என்னும் பொருளியலார் இருவர், மகிழ்ச்சியின் கோடு இளமையில் உயர்ந்தும், நாற்பதுகளில் தாழ்ந்தும், பின்னர் மீண்டும் உயர்ந்தும் செல்கின்றது என 2008இல் எழுதினர். எல்லா நாடுகளுக்கும் இது பொருந்துமா என ஐயுறுவாரும் உளர். ஆனால் நம் ஊர்களில் நாற்பதுகளில் வாழ்வாரை அறிந்தோர்க்கு இக்கூற்று புதிதாகத் தோன்றாது.

விசைப்படகின் கடன், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மகளின் திருமணம், பெற்றோரின் மருத்துவம் ஆகிய அனைத்தும் ஒரே தோளில் ஏறும் பருவம் அது. வளைகுடா நாட்டில் வேலை பார்ப்போர்க்குப் பிரிவும் சேர்ந்துகொள்கின்றது. அவர்கள் உறவுக்காகவே உழைக்கின்றனர், அவ்வுழைப்பே உறவினின்று அவர்களைப் பிரித்து வைக்கின்றது. முதியோரைப் பேணவில்லை என்று இவர்களைப் பழித்தல் எளிது. அப்பழியைக் கூறுமுன் அவர்தம் சுமையையும் நிறுத்துப் பார்த்தல் நேர்மையாகும்.

இராமேசுவரத்தில் ஒரு குடும்பம்

உறவும் முதுமையும் ஒன்றையொன்று தாங்கி நின்றமைக்கு நம் தீவிலேயே ஒரு சான்று உண்டு. குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் குடும்பமே அது. அவருடைய அறிவியற் பணியைப் பற்றி எழுதாத மலர் இல்லை. அவர் வீட்டு முதியோரைப் பற்றி எழுதினார் குறைவு.

கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் பெரும் படிப்போ பெருஞ்செல்வமோ உடையவரல்லர். வைகறை நான்கு மணிக்குத் தொழுகையுடன் நாளைத் தொடங்கி, நான்கு கல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளிற் சுமந்து திரும்புவது அவர் வழக்கம். அறுபது வயதைக் கடந்த பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை எனக் கலாம் 1999இல் வெளிவந்த தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலிற் குறித்துள்ளார். இராமேசுவரம் திருக்கோயிலின் தலைமைக் குருக்களாக இருந்த பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய நெருங்கிய நண்பர். தத்தம் சமயத்திற்குரிய உடையில் இருவரும் அமர்ந்து ஆன்மிகம் பேசிய காட்சி கலாமின் இளமை நினைவுகளுள் முதன்மையானது. குடும்பத்திற்கு வெளியே, சமய எல்லையைக் கடந்து, ஒருவரின் நட்பு அப்பெரியவர்க்கு வாய்த்திருந்தது. பிசிராந்தையார் கூறிய ஊர்ச் சான்றோர் என்னும் வட்டம் இதுவேயாகும். ஜைனுலாப்தீன் 1976ஆம் ஆண்டு தமது 102ஆம் அகவையில் காலமானார்.

வயது வேற்றுமை நட்புக்குத் தடையன்று என்பதற்கும் அக்குடும்பமே சான்று. கலாமின் தமக்கை ஜோகராவை மணந்த அகமது ஜலாலுதீன், கலாமினும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். இருப்பினும் மாலைதோறும் இருவரும் நெடுந்தூரம் நடந்து உரையாடினர். சிறுவன் ஒருவனைத் தம் நிகராகக் கருதிப் பேசிய அம்மூத்தவரே அவனது உலகை விரிவாக்கினார். இளையோன் பெற்றது அறிவு. மூத்தவர் பெற்றது, தம் சொல்லை ஆர்வத்தோடு கேட்கும் ஒரு செவி.

குடியரசுத் தலைவர் மாளிகையில் கலாம் வாழ்ந்த காலத்தில், 2006ஆம் ஆண்டு அவருடைய உறவினர் ஏறத்தாழ ஐம்பதின்மர் தில்லி சென்று சில நாள் தங்கினர். தொண்ணூறை நெருங்கிய தமையனாரும், நடை பழகும் குழந்தையும் அக்கூட்டத்தில் இருந்தனர். தங்கியதற்கும் உண்டதற்கும் ஆன செலவு முழுவதையும் கலாம் தம் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்தினார் என்பதை அவருடைய செயலராக இருந்த பி.எம். நாயர் பதிவு செய்துள்ளார். திருமணம் செய்துகொள்ளாது, மக்கட்பேறு இன்றி வாழ்ந்தவர் கலாம். எனினும் அவரை உறவற்றவர் என எவரும் கூறார். உறவு பிறப்பால் தொடங்கலாம், ஆனால் அது நிலைப்பது பேணுதலால் மட்டுமே.

நெடுவாழ்வின் விலை

நீண்ட ஆயுள் வேண்டும் என்று வாழ்த்துகின்றோம். அவ்வாழ்த்தினுள் மறைந்துள்ள துன்பத்தை நாம் எண்ணுவதில்லை. நெடுநாள் வாழ்பவர் நெடுநாள் இழப்பவரும் ஆவார். ஜலாலுதீன் இறந்தபோது நூறு வயதை ஒட்டியிருந்த ஜைனுலாப்தீன் தம் மருமகனை அடக்கம் செய்ய நேர்ந்தது. அந்நிலையிலும் துயருற்ற மகனைத் தேற்றியவர் அவரே. கலாமின் தமையனார் முத்து மீரான் மரைக்காயர் 1916இல் பிறந்தவர். தம்மினும் பதினைந்து ஆண்டுகள் இளைய தம்பி 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் காலமாகி, இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பெற்றபோது அண்ணனுக்கு வயது 98. அதன் பின்னரும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வாழ்ந்து 2021 மார்ச்சில் தமது 104ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

இளையவர் முதியவரைச் சுமத்தல் இயற்கை. முதியவர் இளையவரை வழியனுப்புதல் நெடுவாழ்வின் விலை. இவ்விலையைச் செலுத்தும் காலத்தில் ஒருவரைத் தாங்குவது எது? ஓரிரு தூண்கள் மட்டும் எஞ்சிய கூரைக்கு அடுத்த தலைமுறையினர் வந்து தோள்கொடுத்தலே. பேரனும் பேத்தியும், பக்கத்து வீட்டாரும், பழைய மாணவரும் அவ்வாறு வந்து நிற்கும் வீட்டில் முதியவர் இழப்பைத் தாங்கிக்கொள்கின்றார். வாராத வீட்டில் இழப்பு அவரைத் தாங்கவொண்ணாது அழுத்துகின்றது.

கரையிலிருப்போரின் பயன்

இனி, முதியோர்க்கு நாம் கொடுக்க வேண்டியதை மட்டுமே பேசுதல் குறையுடைத்தாகும். எரிக் எரிக்சன் என்னும் உளவியலறிஞர், அடுத்த தலைமுறைக்குப் பயன்படுவதே முதிர்ந்த பருவத்தின் நிறைவு என்றார். பெறுவதால் மட்டும் முதியவர் மகிழார், கொடுப்பதற்கும் அவர்க்கு இடம் வேண்டும்.

கடலுக்குச் செல்வதை நிறுத்திய மீனவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். படகை மகனிடம் ஒப்படைத்த நாளில் அவருடைய வருவாய் மட்டும் நின்றுவிடவில்லை. வைகறையில் அவரை எழுப்பும் குரல் நின்றது. படகில் உடனிருந்த நால்வரின் தோழமை நின்றது. இன்று காற்று எப்படி என்று அவரை வினவும் வாய் நின்றது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் வீசும்போது எக்கடல் கொந்தளிக்கும், வாடை வீசும்போது எக்கடல் அமைதி கொள்ளும் என்பதை நாற்பதாண்டு அறிவால் உணர்ந்தவர் அவர். இன்று திசைகாட்டும் கருவியும் வானிலை அறிக்கையும் மகனின் கைப்பேசியில் உள்ளன. அவை தேவையானவையே. எனினும் படகை அவிழ்க்குமுன் தந்தையிடம் ஒரு சொல் கேட்டுச் செல்லும் மகன், கருவிக்குக் குறை செய்வதில்லை. தந்தைக்கு அவருடைய நாளைத் திருப்பிக் கொடுக்கின்றான்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களிடம் மற்றொரு பாடம் உண்டு. சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் குழுவாகக் கடலுக்குச் செல்வர், குழுவாகவே திரும்புவர். நடுவயதைக் கடந்தோரும் அவர்களுள் உண்டு. கடுமையான உழைப்பு அது. பாறையும் சிப்பியும் கையைக் கிழிக்கும். வறுமையே அவர்களை அவ்வயதிலும் நீரில் இறக்குகின்றது என்பதை மறைத்து அதனை அழகுபடுத்துதல் அறமன்று. ஆயினும் ஒருவர் மூழ்கும்போது மற்றவர் கண் அவர்மேல் இருக்கும் அக்கூட்டுறவு, கரைக்கு வந்த பின்னும் தொடர வேண்டிய ஒன்றாகும்.

முதியோரின் மற்றொரு கொடை நினைவு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலமும் சிதைந்து, பின்னர்ச் சீரமைக்கப்பெற்றது. அன்று பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவ்விரவை அவர்கள் மீண்டும் மீண்டும் கூறுவதைக் கேட்டு நாம் சலிப்படைகின்றோம். ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1963இல் எழுதிய கட்டுரையில், முதியோர் பழங்கதை பேசுதல் அறிவு மழுங்கலின் அறிகுறியன்று எனவும், தம் வாழ்வை மீளப் பார்த்து அதனோடு அமைதி காணும் முயற்சியே எனவும் விளக்கினார். சொன்னதையே சொல்கின்றார் என்று நாம் கருதும்போது, அவரோ தம் வாழ்வின் கணக்கை நேர் செய்துகொண்டிருக்கின்றார். கேட்பதற்கு ஆள் இல்லையேல் அக்கணக்கு முடிவுறுவதில்லை.

பாலமும் பிரிவும்

1988ஆம் ஆண்டு சாலைப் பாலம் திறக்கப்பெறும்வரை இத்தீவுக்கு இரயில் ஒன்றே தரைவழி. இன்று பேருந்தும் சிற்றுந்தும் இடையறாது செல்கின்றன. பழைய இரயில் பாலத்தில் 2022 இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பெற்று, அதனருகே எழுப்பப்பெற்ற புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பெற்றது. வழிகள் பெருகின. வந்து செல்வது எளிதாயிற்று. ஆனால் வருவார் எத்தனை பேர்?

ஒரு காலத்தில் கடல் கடந்து சென்ற பிள்ளையின் கடிதத்தை அஞ்சற்காரர் கொணர்ந்து தருவார். எழுத்தறியாத உம்மாவுக்கு அதனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டும். பின்னர் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பினர். அதனைக் குடும்பமே சூழ்ந்திருந்து கேட்டது. இன்று கைப்பேசியில் முகத்தையே காண்கின்றோம். தொலைவு குறைந்தது உண்மை. ஆனால் கடிதத்தைப் படித்துக் காட்ட வந்த அப்பக்கத்து வீட்டுப் பிள்ளையும், ஒலிநாடாவைச் சூழ்ந்த அக்கூட்டமும் இன்று இல்லை. தொலைவிலுள்ள ஓர் உறவு அணுக்கமாகியபோது, அணுக்கமாயிருந்த உறவுகள் பல தொலைவாகிவிட்டன. கைப்பேசி உரையாடலை இகழ்வது நம் கருத்தன்று. அஃது உறவுக்குத் துணை, உறவுக்கு மாற்றன்று.

சட்டமும் அறமும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். நாட்டின் மக்கள்தொகையில் இவர்கள் நூற்றுக்கு 8.6 ஆக இருந்த அந்நாளிலேயே தமிழ்நாட்டில் 10.4 ஆக இருந்தனர். பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுதற்கு 2007ஆம் ஆண்டு நடுவணரசு தனிச் சட்டம் இயற்றியது. அது வேண்டிய சட்டமே. ஆனால் தீர்ப்பாயம் மாதந்தோறும் பணத்தை வாங்கித் தரலாம். மாலையில் அருகமர்ந்து பேசும் அரைமணி நேரத்தை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது.

சட்டம் நின்றுவிடும் இடத்தில் அறம் தொடங்குகின்றது. பெற்றோர் முதுமையெய்தும்போது சலிப்பைக் காட்டும் சிற்றொலியைக் கூட அவர்முன் எழுப்பலாகாது என்று திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. உணவு மறுப்பதை விலக்குவதோடு நில்லாது குரலின் தொனியையே அறத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த நுட்பம் எண்ணி வியத்தற்குரியது. திருவள்ளுவர் நட்பை ஆராய்ந்த அதிகாரங்களுள் ஒன்றற்குப் ‘பழைமை’ எனப் பெயரிட்டார். நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்து, அவ்வுரிமையையே நட்பின் அடையாளமாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் சாரம். முதியோரின் சிறு கோபமும், வற்புறுத்தலும், கேட்டதையே கேட்கும் இயல்பும் இவ்வுரிமையின் பாற்பட்டனவே.

நாமும் இப்பிழையினின்று நீங்கியவரல்லேம். பேராசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளில் பொன்னாடை போர்த்துகின்றோம், கண் கலங்கப் பேசுகின்றோம், குழுவாகப் படம் எடுத்துக்கொள்கின்றோம். அதன்பின் எத்தனை முறை அவர் வீட்டுப் படியேறினோம்? முப்பது ஆண்டுகள் வகுப்பு நிறைய மாணவரைக் கண்டவர்க்கு, வாயிற்கதவின் ஒலிக்காகக் காத்திருக்கும் மாலைப்பொழுது எத்துணை நெடிது என்பதை நாம் எண்ணியதுண்டா? இவ்வினா நம் அனைவரையும் சுடுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! பெரிய திட்டங்கள் எவையும் இதற்குத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலை, உங்கள் தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் செல்லுங்கள். நலமா என்று மட்டும் வினவித் திரும்பாதீர்கள். அவர் அறிந்த ஒன்றை வினவுங்கள். மீனின் பெயர்களை, காற்றின் பெயர்களை, பழைய திருமணச் சடங்குகளை, புயலிரவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதியில் ஏறாத தமிழ்ச் சொற்கள் பல அவர் நாவில் உள்ளன. அவரும் கொடுத்தவராவார், நீங்களும் பெற்றவராவீர்கள்.

நடுவயதினர்க்கு ஒரு சொல். முதுமைக்கெனப் பொருள் சேர்க்கும் நீங்கள் நட்பையும் சேர்த்து வையுங்கள். நாற்பதில் நீர் ஊற்றாத நட்பு எழுபதில் நிழல் தராது.

முதியோர்க்கும் வணக்கத்துடன் ஒரு சொல் உண்டு. காலம் மாறிவிட்டது என்று கதவை அடைத்துக்கொள்ளாதீர்கள். ஜலாலுதீன் தம்மினும் பதினைந்து ஆண்டு இளைய சிறுவனோடு நடந்ததைப் போல, இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒத்த வயதினர் ஒவ்வொருவராய் மறையும்போது எஞ்சி நிற்பது அந்நட்பே.

முடிவுரை

தொடித்தலை விழுத்தண்டினாரின் முதுமையா, பிசிராந்தையாரின் முதுமையா? இவ்விரண்டுள் எது நமக்கு வாய்க்கும் என்பதை ஊழ் மட்டும் முடிவு செய்வதில்லை. உடல் தளர்வதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் உடல் தளர்ந்தவரைச் சூழ்ந்திருப்பதும், சூழாது விடுவதும் நம் கையில் உள்ளன. வயது ஏறுந்தோறும் மகிழ்ச்சி குறைவதில்லை, சிலரிடம் குவிகின்றது என்று கண்டோம். நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியவர் ஒருவர்க்கு, அச்சிலருள் ஒருவராக நாம் இருக்கின்றோமா என்பதே எஞ்சிய வினா.

பாம்பன் கரையில் வலையருகே அமர்ந்திருக்கும் அம்முதியோரை இனிக் காணும்போது, கடந்து செல்லாது சற்றே அமர்வோம். அவர் கையிலுள்ள வலையின் கிழிசல் ஒன்றைச் சேர்த்துப் பிடிக்க நம் விரலும் உதவட்டும்.